இழுப்பு நோயும் நுண்புகையும்: ஊவாத் தோட்டங்களை நோக்கிய ஒரு விளக்கம்

ஒரு நோய்க்குப் பல பெயர்கள் வழங்குமாயின், அந்நோய் மக்களோடு நெடுங்காலம் உடனுறைந்தது என்பது பெறப்படும். யாழ்ப்பாணத்தார் தொய்வு என்றும் முட்டு என்றும் கூறுவர்; ஊவாத் தோட்டங்களில் வாழ்வோர் இழுப்பு என்பர்; சித்த மருத்துவர் இரைப்பு என்றும் சுவாசகாசம் என்றும் உரைப்பர்; ஆங்கில மருத்துவர் மூச்சுத் திணறல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு ஆஸ்துமா என அழைப்பர். பெயர் பலவாயினும் துன்பம் ஒன்றே. உட்சென்ற காற்று வெளிவர மறுக்க, விலாவிடைத் தசைகள் உள்வாங்க, சீழ்க்கை போன்றதோர் ஒலியுடன் நோயாளர் மூச்சுக்குப் போராடுதலே இந்நோயின் வடிவம். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 26 கோடியே 20 இலட்சம் பேர் இந்நோயால் வருந்தினர். அவ்வாண்டில் ஏறத்தாழ 4,55,000 பேர் இதனால் இறந்தனர்.

இந்நோய்க்குக் காரணம் யாது? ஆயுர்வேத முதனூல்களுள் ஒன்றாகிய சரக சம்கிதை, சுவாச நோயின் காரணங்களைக் கூறுமிடத்துத் தூசு, புகை, காற்று, குளிர்ந்த இடம், குளிர்ந்த நீர் என்பவற்றை ஒருங்கே வைத்து எண்ணுகின்றது. இவ்வரிசையின் பிற்பகுதியை நம்மவர் நன்கு நினைவில் வைத்துள்ளனர். பிள்ளைக்கு இழுப்பு வந்தால், பனி பட்டது, குளிர்ந்த நீரிற் குளித்தது, வாழைப்பழமும் தயிரும் உண்டது என்று காரணம் கூறாத தாய் மலைநாட்டில் அரியள். ஆனால் வரிசையின் முற்பகுதியாகிய தூசும் புகையும் ஏனோ மறக்கப்பட்டன. பனியை நாம் தடுத்தல் இயலாது. புகையைத் தடுத்தல் இயலும். தடுக்க இயலாததன்மேற் பழியைச் சுமத்தித் தடுக்க இயல்வதைக் கண்டுகொள்ளாது விடுதலே இன்று பல குழந்தைகளின் மூச்சைக் குறுக்குகின்றது. இதனைச் சிறிது விரிவாக ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். நுரையீரலை ஒரு தலைகீழான மரத்துக்கு ஒப்பிடலாம். வாதனாளி அதன் அடிமரம். அது சுவாசக் குழாய்களாகக் கிளைத்து, கிளை மேலும் கிளைத்து, இறுதியிற் சிற்றறைகள் என்னும் இலைகளில் முடிகின்றது. குழாய்களின் உட்சுவரை மேலணி என்னும் மெல்லிய இழையம் போர்த்துள்ளது. அதன்மீது ஒரு சளிப் படலமும், அப்படலத்தை அழுக்கோடு மேனோக்கித் தள்ளும் நுண்ணிய பிசிர்களும் உள. சுவரைச் சூழ்ந்து தசை நார்கள் அமைந்துள்ளன. இழுப்பு வரும்போது மூன்று நிகழ்கின்றன. தசை நார் சுருங்குகின்றது. உட்சுவர் அழற்சியால் வீங்குகின்றது. சளி மிகுந்து எஞ்சிய வழியையும் அடைக்கின்றது. தசையின் சுருக்கத்தை மருந்து சில நிமிடங்களில் நீக்கிவிடும். அழற்சியோ நாட்கணக்காக, வாரக்கணக்காக உள்ளே நிற்கும். பிள்ளை ஓடி விளையாடும் நாளிலும் அது தணிந்த தணல்போற் கிடத்தல் உண்டு.

இவ்வழற்சி பலருக்கு ஒவ்வாமையினால் எழுகின்றது. நம் உடலைக் காக்கும் நிர்ப்பீடன முறைமை, தீங்கு செய்யும் கிருமிகளை எதிர்த்தற்குப் பிறபொருளெதிரிகளை ஆக்குகின்றது. சிலரது உடல், தீங்கற்ற பொருளையும் பகையென மயங்கி, இமியூனோகுளோபுலின்-ஈ என்னும் ஒருவகைப் பிறபொருளெதிரியை மிகுதியாக ஆக்கிவிடுகின்றது. அமெரிக்காவிற் பணியாற்றிய யப்பானியராகிய இஷிசாக்கா தம்பதியரும், சுவீடன் நாட்டு ஜொஹான்சன், பென்னிக் என்போரும் 1966, 1967ஆம் ஆண்டுகளில் இதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். இது சுவாசக் குழாய்ச் சுவரிலுள்ள மாஸ்ற் கலங்கள் என்பனவற்றின்மேல் ஒட்டி நின்று காவல் காக்கும். பகையென மயங்கப்பட்ட பொருள் மீண்டும் வருமாயின், அக்கலங்கள் ஹிஸ்டமின் முதலிய இரசாயனங்களைக் கொட்டும். உடனே குழாய் சுருங்கும். சில மணி நேரத்தின் பின் இயோசினோபில் என்னும் வெண்குருதிக் கலங்கள் திரண்டு வந்து அழற்சியை நிலைபெறச் செய்யும்.

அவ்வாறு மயங்கப்படும் பொருள்களுள் தலையாயது தூசுண்ணி என்னும் கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுயிர். இது மனிதர் தோலினின்று உதிரும் செதிளைத் தின்று, படுக்கையிலும் கம்பளியிலும் வாழ்வது; ஈரக் காற்றிற் பெருகுவது. வீட்டுத் தூசினால் வரும் ஒவ்வாமைக்கு இதுவே முதற்காரணம் என்பதை நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர் 1960களில் நிறுவினர். இதனோடு கரப்பான் பூச்சியின் கழிவு, ஈரச் சுவரிற் படரும் பூஞ்சணம், பூந்தாது, விலங்குகளின் உரோமச் செதிள் என்பனவும் சேரும். இனி, நமது லயங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு காம்பராவில் ஆறேழு பேர் உறங்குகின்றனர். மழைக்காலத்திற் சுவர் வியர்க்கின்றது. கம்பளி வெயில் காண்பது அரிது. தூசுண்ணிக்கு இதனினும் இனிய இல்லம் வேறில்லை.

ஆயினும் இங்கே ஒரு வினா எழுகின்றது. ஒரே காம்பராவில், ஒரே கம்பளியின் கீழ்ப் படுத்துறங்கும் பிள்ளைகளுள் ஒருவனுக்கு இழுப்பு வர, மற்றொருவனுக்கு வராதது ஏன்? பரம்பரை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. பெற்றோர்க்கு ஒவ்வாமை இருப்பின் பிள்ளைக்கும் அவ்வியல்பு வருதல் பெரும்பான்மை. ஆனால் பரம்பரை விதை போன்றது. விதை மண்ணில் இருந்தும் முளையாது கிடத்தல் உண்டு. அதனை முளைப்பிக்கும் நீர் எது என்று தேடிய ஆய்வாளர் கண்ட விடைகளுள் முக்கியமான ஒன்று, நாம் சுவாசிக்கும் காற்றில் மிதக்கும் நுண்துணிக்கையாகும்.

நுண்துணிக்கை என்பது இரண்டரை மைக்கிரோமீற்றருக்கு மேற்படாத விட்டமுடைய துகள். மைக்கிரோமீற்றர் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதர் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 50 முதல் 70 மைக்கிரோமீற்றர் எனின், இத்துகளின் சிறுமை விளங்கும். பெருந்துகள்களை மூக்கின் உரோமமும் சளியும் பிடித்துவிடும். அவை தும்மலாகவும் சளியாகவும் வெளியேறும். நுண்துணிக்கையோ இக்காவலைக் கடந்து, சிறு குழாய்களையும் சிற்றறைகளையும் அடையும். விறகுப் புகையிலுள்ள துகள்களிற் பெரும்பாலன ஒரு மைக்கிரோமீற்றரினும் சிறியன. கண்ணெரிச்சலைத் தருவதும் சுவரைக் கறுப்பாக்குவதும் புகையின் வெளிப்பட்ட தொழில்கள். அதன் உண்மையான தொழில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிகழ்கின்றது.

காற்றில் இத்துகள் எவ்வளவு இருத்தல் தகும்? உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு திருத்தி வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு கன மீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரி 5 மைக்கிரோகிராமுக்கும், ஒரு நாட் சராசரி 15 மைக்கிரோகிராமுக்கும் மேற்படலாகாது. இலங்கை 2008ஆம் ஆண்டில் விதித்த தேசிய நியமம், வெளிக் காற்றுக்கு ஆண்டுச் சராசரி 25, நாட் சராசரி 50 என வகுத்தது. திறந்த அடுப்பில் விறகெரியும் அடைபட்ட சமையலறையிலோ இவ்வளவு நூற்றுக்கணக்கான மைக்கிரோகிராமாக உயர்தல் பல நாடுகளிலும் அளந்தறியப்பட்டது. வீதிக் காற்றுக்கு நியமம் உண்டு. அடுப்பங்கரைக் காற்றுக்கு அளப்பாரும் இல்லை, கேட்பாரும் இல்லை.

இனி, நுண்துணிக்கை ஒவ்வாமை இழுப்பை எவ்வாறு பெருக்குகின்றது என்பதை நோக்குவாம். அதன் செயலை நான்காக வகுத்து உணர்தல் எளிது.

முதலாவது, உறுத்துதல். ஏற்கனவே அழன்று நிற்கும் குழாய்ச் சுவரைத் துகள் தீண்டியவுடன் நரம்புகள் தூண்டப்பட்டுத் தசை சுருங்குகின்றது. புகை பட்டவுடன் இருமல் எழுதல் இதனால். இது யாவரும் அறிந்தது.

இரண்டாவது, அரணை உடைத்தல். துகளின் மேற்பரப்பில் உலோகங்களும், எரிதலில் விளைந்த சேதனச் சேர்வைகளும் ஒட்டியிருக்கும். இவை மேலணிக் கலங்களில் ஒட்சியேற்றத் தாக்கத்தை உண்டாக்கி, கலத்துக்கும் கலத்துக்கும் இடையேயுள்ள இணைப்பைத் தளர்த்துகின்றன. அதனால், மேற்பரப்பில் தங்கிச் சளியோடு வெளியேற வேண்டிய தூசுண்ணிக் கழிவு உட்புகுந்து நிர்ப்பீடனக் கலங்களைச் சந்திக்கின்றது. மதில் இடிந்த ஊரில் வழிப்போக்கனும் உள்ளே வருதல் போன்றது இது. மேலும், புண்பட்ட மேலணிக் கலங்கள் அபாய அறிவிப்பு இரசாயனங்களைச் சுரக்கின்றன. அவ்வறிவிப்பே ஒவ்வாமை வழியில் நிர்ப்பீடனத்தைத் திருப்பிவிடுவது.

மூன்றாவது, ஒவ்வாமையைப் பயிற்றுதல். இதுவே நாம் சிறப்பாக நோக்கற்பாலது. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் டயஸ்-சாஞ்செஸ், சாக்சன் முதலியோர் 1990களில் இதனை மனிதரிடத்தே சோதித்தனர். பூந்தாது ஒவ்வாமை உடையோரின் மூக்கிற் பூந்தாதுச் சாரத்தை மட்டும் இட்டபோதினும், டீசற் புகைத் துகளையும் சேர்த்து இட்டபோது, அப்பூந்தாதுக்கு எதிரான இமியூனோகுளோபுலின்-ஈ மிகப் பன்மடங்காகப் பெருகியது. 1999இல் வெளியான ஆய்வில் அவர்கள் மேலும் ஒருபடி சென்றனர். மனிதர் முன்பு சந்தித்தே அறியாத, கடல்வாழ் நத்தையொன்றின் புரதத்தை எடுத்துக்கொண்டனர். அதனை மட்டும் பெற்றவர்களுள் ஒருவருக்கேனும் ஒவ்வாமைப் பிறபொருளெதிரி தோன்றவில்லை. புகைத் துகளோடு பெற்ற 15 பேரில் 9 பேருக்குத் தோன்றியது. புகை ஏற்கனவே உள்ள ஒவ்வாமையை மிகுவிப்பதோடு அமையாது, இல்லாத ஒவ்வாமையைப் புதிதாகக் கற்பிக்கவும் வல்லது என்பது இதனாற் பெறப்பட்டது. அச்சோதனையிற் பயன்பட்டது டீசற் புகையாயினும், எரிதலால் விளையும் துகள்கள் பொதுவாகத் தாங்கி நிற்கும் கரியும் சேதனச் சேர்வைகளும் விறகுப் புகையிலும் உள என்பது கருதத்தக்கது.

நான்காவது, மருந்தின் வலியைக் குறைத்தல். புகையினால் எழும் அழற்சியில் நியூட்ரோபில் என்னும் வேறொரு வகைக் கலங்களும் பங்குகொள்கின்றன. ஒவ்வாமை அழற்சியை நன்கு தணிக்கும் ஸ்ரீரொயிட் மருந்து இவ்வகை அழற்சியை அத்துணை எளிதில் தணிப்பதில்லை. மருந்தை ஒழுங்காகப் பாவித்தும் குணம் காணாத பிள்ளையின் வீட்டுக் காற்றையும் மருத்துவர் விசாரித்தல் வேண்டும் என்பதற்கு இது காரணம்.

சோதனைச்சாலையிற் கண்ட இவ்வுண்மை மக்கள் வாழ்விலும் மெய்ப்படுகின்றதா? அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பள்ளத்தாக்கொன்றில் ஓர் உருக்காலை இருந்தது. தொழிற் பிணக்கினால் அது 1986 ஓகஸ்ட் முதல் 1987 செப்டெம்பர் வரை மூடிக்கிடந்தது. பொருளியலறிஞராகிய ஆர்டன் போப் என்பார் அப்பகுதி வைத்தியசாலைப் பதிவுகளை ஆராய்ந்து, ஆலை இயங்கிய மாரிகாலங்களில் மூச்சு நோயால் அனுமதிக்கப்பட்ட குழந்தைகளின் தொகை, ஆலை மூடிய மாரிகாலத்தினும் இரண்டு மூன்று மடங்காயிருந்தது என 1989இல் வெளியிட்டார். பின்னர் வேறு ஆய்வாளர், அவ்வாண்டுகளிற் சேமித்து வைக்கப்பட்ட வடிதாள்களிலிருந்து துகளைப் பிரித்தெடுத்து, உடன்பட்ட தொண்டர்களின் நுரையீரலிற் சிறிதளவு செலுத்திப் பார்த்தனர். ஆலை இயங்கிய காலத்துத் துகள் அழற்சியை உண்டாக்கியது; மூடிய காலத்துத் துகள் அவ்வாறு செய்யவில்லை. குளிரும் பனியும் எல்லா ஆண்டுகளிலும் இருந்தன. மாறியது புகை ஒன்றே.

சிறுவர் இழுப்பு நோய் பற்றிப் பல நாடுகளில் ஒரே முறையாக நிகழ்த்தப்பட்ட பேராய்வொன்று, திறந்த நெருப்பிற் சமைக்கும் வீட்டுப் பிள்ளைகளிடத்தே இழுப்பின் குறிகள் மிகுதியாகக் காணப்படுதலை 2013இல் எடுத்துக்காட்டியது. தென் கலிபோர்னியாவிற் பல்லாண்டு நிகழ்ந்த ஆய்வு, காற்றின் மாசு குறையக் குறையப் புதிதாக இழுப்பு நோய்ப்படும் பிள்ளைகளின் தொகையும் குறைந்ததை 2019இற் காட்டியது. இலண்டன் மாநகரில் வாகன நெரிசல் மிக்க வீதியின் அருகே வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்னும் ஒன்பது வயதுச் சிறுமி கடுமையான இழுப்பினால் 2013இல் இறந்தாள். தாயின் நெடிய முயற்சியினால் மீண்டும் நிகழ்ந்த மரண விசாரணையில், காற்றின் மாசும் அவள் மரணத்துக்கு ஒரு காரணம் என 2020 டிசெம்பரிற் தீர்ப்பாயிற்று. இறப்புக்குக் காரணமாகக் காற்றின் பெயர் எழுதப்பட்டது அந்நாட்டில் அதுவே முதன்முறை.

இவை யாவும் பெருநகரங்களின் செய்தி. நமது மலைக்காற்றோ தூயது எனச் சிலர் கூறுவர். ஆலைகளும் வாகனங்களும் நிறைந்த நகரோடு ஒப்பிட மலைநாட்டின் வெளிக்காற்று தூயது என்பது பெரும்பாலும் உண்மையே. ஆயின் ஊவாவின் நிலவமைப்பையும் காற்றையும் அறிந்தோர் இதனை முற்றாக ஏற்கமாட்டார். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவுள் இறங்குகின்றது. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் இக்காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகறிந்த நறுமணத்தைத் தருவது. அதே காற்று பத்தனைப் புல்லையும் உலர்த்துகின்றது. பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல முதலிய இடங்களின் சரிவுகளில் அக்காலத்தே தீப்பற்றுதல் ஆண்டுதோறும் நிகழ்வது. அதே பருவத்தின் இறுதியில், ஒக்டோபர் மழையை எதிர்பார்த்து, மொனராகலை மாவட்டத்தின் தாழ்நிலங்களிற் சேனைக்கு வெட்டிய காடு எரியூட்டப்படுகின்றது. தேயிலைக்கு மணந்தரும் காலமே மூச்சுக்குப் புகைதரும் காலமாகவும் அமைந்துவிட்டது.

மார்கழி, தை மாதங்களில் நிலை வேறு. பதுளை நகர் ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், 2,036 மீற்றர் உயர்ந்த நமுனுகுலை முதலிய மலைகளாற் சூழப்பட்ட கிண்ணம் போன்ற பள்ளத்தில் உள்ளது. தெளிந்த இரவுகளிற் குளிர்ந்த காற்று கனத்துச் சரிவின் வழியே இறங்கிப் பள்ளத்திற் தங்கும். அதன்மேல் வெப்பமான காற்று மூடியாக நிற்கும். விடியற்காலையில் ஆயிரக்கணக்கான அடுப்புகள் ஒருங்கே மூட்டப்படும்போது, அப்புகை மேலெழ வழியின்றி மூடியின் கீழ்ப் பரவுகின்றது. மரகலை மலையின் அடியிலுள்ள தோட்டங்களிலும் ஏனைய பள்ளத்தாக்குகளிலும் இதனைக் கண்ணாற் காணலாம். பனி எனப் பலரும் சுட்டும் அவ்வெண்படலத்திற் பாதி புகையாக இருத்தல் கூடும். பனிக்காலத்தில் இழுப்பு வருகின்றது என்னும் தாயின் அனுபவம் பொய்யன்று. குளிர்ந்த காற்றும், அக்காலத்துத் தடிமனும் இழுப்பைத் தூண்டுவன என்பதை மருத்துவமும் ஒப்புக்கொள்ளும். ஆயின் அவள் பனியைக் கண்டாள். பனியுள் மறைந்து நின்ற புகையைக் காணவில்லை.

தொலைவிலுள்ள மாசும் நம்மை அணுகுதல் உண்டு. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நிலைகொண்டபோது, இந்தியப் பெருநிலத்தின் மாசு நிறைந்த காற்று இலங்கையை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. டிசெம்பர் 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. நாடெங்கும் மக்கள் காற்றைப் பற்றிப் பேசிய நாட்கள் அவை. இரண்டொரு நாளிற் காற்று தெளிந்தது, பேச்சும் ஓய்ந்தது.

ஆனால் தெளியாத காற்று ஒன்று உண்டு. அது லயத்தின் உள்ளே இருப்பது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்கிற்கு மேற்பட்டவை விறகினாற் சமைத்தன. 2022இன் பொருளாதார நெருக்கடியிற் சமையல் வாயு கிடையாதபோது, வாயுவுக்கு மாறியிருந்த குடும்பங்கள் பலவும் விறகுக்குத் திரும்பின. தோட்டங்களிற் கவ்வாத்து வெட்டிய மிலாறே எளிதிற் கிடைக்கும் எரிபொருள். மழையில் நனைந்த மிலாறு சுடர்விட்டு எரியாது, புகைந்தே எரியும். ஈர விறகு உலர்ந்த விறகினும் மிகுந்த துகளை வெளிவிடும் என்பது இரசாயன நூல் கூறும் செய்தி. அடுப்பு இஸ்தோப்பின் ஒரு மூலையிலோ, காம்பராவின் பின்னே ஒட்டிய சிறு அறையிலோ இருக்கும். புகைபோக்கி இராது, இருப்பினும் அடைபட்டிருக்கும். பிரட்டுக்குப் போகுமுன் தாய் விடியற்காலையிற் சமைக்கின்றாள். குளிருக்கு அஞ்சிக் கதவும் பலகணியும் சாத்தப்பட்டுள்ளன. கைக்குழந்தை அடுப்பின் வெம்மையை நாடி அவளருகே படுத்திருக்கின்றது. தூசுண்ணி நிறைந்த கம்பளியும், நுண்துணிக்கை நிறைந்த காற்றும் ஒரே நேரத்தில் ஒரே மூச்சில் அக்குழந்தையை அடைகின்றன. லொஸ் ஏஞ்சல்ஸ் ஆய்வாளர் மூக்கிற் துளியாக இட்டுச் செய்த சோதனையை நமது லயங்கள் நாள்தோறும் செய்துகொண்டிருக்கின்றன என்று கூறின் அது மிகையாகாது.

வீட்டினுள் எழும் வேறு புகைகளையும் சுட்டுதல் வேண்டும். கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிதற்குள் வெளிவிடும் நுண்துணிக்கை 75 முதல் 137 வரையான சிகரெட்டுகளின் அளவுக்கு நிகர் என 2003இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அச்சுருளைப் பிள்ளையின் தலைமாட்டில் ஏற்றி வைத்துக் கதவைச் சாத்துகின்றோம். சாம்பிராணி, ஊதுபத்தி என்பனவும் புகையே. இறைவழிபாட்டில் அவற்றுக்குள்ள இடத்தை எவரும் மறுக்கவில்லை. கோயிலின் திறந்த மண்டபத்தில் எழும் தூபம் வேறு. இழுப்புள்ள பிள்ளை உறங்கும் அடைத்த அறையில் நிறைக்கும் தூபம் வேறு. வாயிலிலோ முற்றத்திலோ தூபம் காட்டுவதனால் வழிபாட்டுக்குக் குறைவு யாதும் இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை பிடிக்கும் வழக்கம் மட்டும், இழுப்புள்ள குடும்பங்களில் முற்றாகக் கைவிடத்தக்கது. பொலித்தீனையும் குப்பையையும் லயத்தின் ஓரத்தில் எரித்தலும் அத்தகையதே.

தொழிலிடத்தையும் மறத்தலாகாது. தேயிலைத் தொழிற்சாலையிற் சலித்துத் தரம்பிரிக்கும் இடத்தில் எழும் பஞ்சு போன்ற தேயிலைத் தூசு ஒவ்வாமை இழுப்பை உண்டாக்க வல்லது என்பதை இலங்கை மருத்துவராகிய சி. ஜி. ஊராகொட 1970இல் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் எழுதி உலகுக்கு அறிவித்தார். தேயிலை செய்வோரின் ஆஸ்துமா என்றே அதற்குப் பெயரிட்டார். பின்னர்க் கறுவாத் தொழிலாளரிடத்தும் அவர் இத்தகைய ஆய்வு நிகழ்த்தினார். தொழிற்சாலையில் தேயிலைத் தூசு, வீட்டில் அடுப்புப் புகை என இரு முனைகளிலும் தாக்குண்போர் நம்மிடையே உளர். மொனராகலைப் பகுதியில் இறப்பர்த் தாள்களைப் புகைபோட்டு உலர்த்தும் கூடங்களிற் பணிபுரிவோர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

இங்கு ஒரு தடையை விடுத்தல் முறை. நம் பாட்டன் பாட்டி புகையிலேயே வாழ்ந்தனர், அவர்க்கு இழுப்பு இல்லையே என வினவுவோர் உளர். இல்லை என்பது சரியன்று. இருந்தமையாலன்றோ ஈளை, இரைப்பு எனப் பழைய மருத்துவ நூல்களில் அதற்குப் பெயர் வாய்த்தது. அக்காலத்து மூச்சு முட்டி இறந்த குழந்தைகளின் நோயை யார் பிரித்தறிந்து எழுதி வைத்தனர்? மேலும், ஓலைக் கூரையின் இடுக்குகள் வழியே வெளியேறிய புகை, தகரக் கூரையின் கீழே தங்கி நிற்கின்றது. மற்றொரு தடையும் உண்டு. புகை குறைந்த அடுப்புகளை வழங்கி நிகழ்த்திய சோதனைகள் சிலவற்றில் எதிர்பார்த்த அளவு நன்மை காணப்படவில்லை. இது மெய்யே. புகையைப் பாதியாகக் குறைத்தல் போதாது. மிகத் தாழ்ந்த அளவுக்குக் கொண்டுவந்தாலன்றி நுரையீரல் பயன்பெறாது என்பதே ஆய்வாளர் அதிற் கண்ட பாடம். ஒரு காம்பராவார் அடுப்பை மாற்றினும், அடுத்த காம்பராவின் புகை ஒரே கூரையின் கீழ் இங்கும் வந்து சேரும். ஆதலின் லயத்திற் புகை தனி வீட்டின் காரியமன்று. லயம் முழுவதன் காரியம்.

செய்யத்தக்கன யாவை? விறகை ஒரு மாதமேனும் மழை படாத இடத்தில் உலர்த்தி எரித்தல். 1980களில் இலங்கையிற் பரப்பப்பட்ட அனாகி என்னும் இருவாய் மண்ணடுப்பு போன்றவற்றைப் பயன்படுத்தல். அதனோடு அமையாது புகைபோக்கியை அமைத்து மாதந்தோறும் துப்புரவு செய்தல். சமைக்கும்போது கதவைத் திறந்து, குழந்தையை அடுப்பினின்று விலக்கி வைத்தல் என்பன வீட்டாரால் இயல்வன. இயன்றவிடத்து வாயுவுக்கோ மின்சாரத்துக்கோ மாறுதல் இவை எல்லாவற்றினும் சிறந்தது. கம்பளியையும் தலையணையையும் வெயிலிற் காயவிடுதல், துணிகளைக் கொதிநீரில் துவைத்தல் என்பனவற்றால் தூசுண்ணி குறையும். புகையையும் உண்ணியையும் ஒருங்கே குறைத்தலே முறை. இவ்விரண்டும் கூட்டாகச் செய்யும் தீமையை ஒன்றை மட்டும் நீக்கி முற்றாக ஒழித்தல் அரிது.

தோட்ட முகாமைகளும் வீடமைப்புத் திட்டங்களை வகுப்போரும் சமையலறையை வீட்டின் கடைசி மூலையாகக் கருதும் வழக்கத்தை விடுதல் வேண்டும். மத்திய, ஊவா மாகாணங்களில் இந்திய உதவியுடன் தனி வீடுகள் கட்டப்பட்டு வருகின்றன. புகைபோக்கியும் எதிரெதிர்ப் பலகணிகளும் உள்ள சமையலறை இல்லாத வீடு, புதிய சுவருக்குள் பழைய லயமேயாகும்.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். இன்ஹேலர் பாவித்தாற் பழகிவிடும், இதயம் கெடும், பெண்பிள்ளைக்கு மணம் பேச வருவோர் பின்வாங்குவர் என்னும் அச்சம் தோட்டங்களில் மட்டுமன்றிப் படித்தோர் இல்லங்களிலும் உண்டு. நீல நிறக் குழல் சுருங்கிய தசையைத் தளர்த்துவது. பழுப்பு நிறக் குழல் உள்ளே நிற்கும் அழற்சியைத் தணிப்பது. உடனே நலந்தரும் முன்னையதையே பலரும் நாடிப் பின்னையதைக் கைவிடுகின்றனர். முன்னையதை மட்டும் நம்பியிருத்தல் தீங்கு என உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டற் குழு 2019இல் அறிவுறுத்தியது. மூச்சினூடு உட்கொள்ளும் மருந்தின் அளவு மிகச் சிறிது. விழுங்கும் மாத்திரையினும் அதனால் வரும் பக்கவிளைவு மிகக் குறைவு. பிள்ளை ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாது திணறினும், உதடு நீலம் பாரித்தினும், நீலக் குழல் மருந்து பயன் தராது போயினும், விடியும்வரை காத்திராது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். மலைப்பாதையில் வாகனம் கிடைத்தல் அரிதாதலின், முன்னிரவிலேயே முடிவு செய்தல் உயிர்காக்கும்.

ஆசிரியர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. வகுப்பு இடாப்பைப் புரட்டுவோர், ஆண்டுதோறும் அதே மாதங்களில் அதே பெயர்களுக்கு நேரே வரவின்மை குறிக்கப்பட்டிருத்தலைக் காண்பர். இரவெல்லாம் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிள்ளை காலையில் வகுப்பில் உறங்கினால் அதனைச் சோம்பல் என்று கருதல் தகாது. தேகப்பயிற்சிக்கு அஞ்சி ஒதுங்கும் பிள்ளையை ஏளனம் செய்தலும் தகாது. அத்தகையோரின் பெயர்களைக் குறித்து வைத்து, பாடசாலை மருத்துவப் பரிசோதனையின்போது எடுத்துச் சொல்லுதலும், இன்ஹேலரை வகுப்பிலே கூச்சமின்றிப் பாவிக்க இடங்கொடுத்தலும், பாடசாலை வளவிற் சருகு எரிப்பதை நிறுத்திக் குழியிலிட்டு உரமாக்குதலும் நம்மால் இன்றே தொடங்கத்தக்கன. விஞ்ஞான பாடத்திற் சுவாசத் தொகுதியை வரைந்து பெயர் குறிக்கும் மாணவன், தன் வீட்டு அடுப்பின் புகை அப்படத்தின் எவ்விடம் வரை செல்லும் என்பதையும் அறிந்து செல்வானாயின், அப்பாடம் பயனுள்ள பாடமாகும்.

ஒவ்வாமை பிறப்போடு வரலாம். அதனை மாற்றுதல் அரிது. பனியும் குளிரும் மலையோடு பிறந்தவை. அவற்றை மாற்றுதல் இயலாது. புகை ஒன்றே நாம் மூட்டுவது. நாமே தணிக்கக்கூடியதும் அதுவே. சரகர் காலத்தே அறியப்பட்டு, இன்றைய ஆய்வுகளால் மீண்டும் மெய்ப்பிக்கப்பட்ட இவ்வுண்மையை, கற்றோர் ஏட்டோடு நிறுத்திக்கொள்ளாது ஒவ்வொரு லயத்தின் அடுப்பங்கரைக்கும் கொண்டு சேர்த்தல் வேண்டும்.